மருந்து ரூம் தொட்டியில் ஒரு விரால்

விரால் மீன் தண்ணீருக்கு வெளியே எவ்வளவு நேரம் உயிரோடு கிடக்கும் என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். திமிர் பிடித்த கிழவன் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும். எனக்கு அதற்கு விடை தெரியும். தெரிந்துகொண்ட விதத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டிய இரண்டு பேரும் இப்போது இல்லை என்பதால்தான் எழுதவே துணிகிறேன்.

எங்கள் வீடு விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி நடத்திய வீடு. பெண் எடுத்தது சிவகாசியில். அறுபதுகளின் ஆரம்பம் அது. மாமனாருக்கு விஸ்வநத்தம் தாண்டி ஒரு சின்னப் பட்டாசு ஆபீஸ் இருந்தது. பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கல்யாணமான மறு வருஷம் என்னையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். லாரியில் லோடு ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு. வெடிமருந்து கலப்பது மச்சான் பொறுப்பு. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முதலாளி மகன்தான், ஆனாலும் கலக்கும் வேலையை வேறு கைக்கு விடமாட்டார்.

மருந்து ரூமுக்குள் போகுமுன் அவர் கையைத் துடைப்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். கழுவுவார், துண்டால் துடைப்பார், சாம்பலில் தேய்ப்பார், மறுபடி துடைப்பார், கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நிற்பார். வெடியுப்பும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறும், ஒரு நெடி வரும், பிறகு தீப்பிடிக்கும். நெருப்பே வேண்டாம்.

"எதுக்கு மச்சான் இம்புட்டு சடங்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஈரம்ங்கிறது பொண்டாட்டிகிட்டச் சொன்ன பொய் மாதிரி மாப்ள. உடனே ஒண்ணும் ஆகாது. நம்ம மறந்த பெறகுதான் வெடிக்கும்" என்றார். நான் சிரித்தேன்.

அந்த மனிதர்தான் சுற்று வட்டாரத்தில் பெரிய தூண்டில்காரர். வேலை இல்லாத நாளில் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில்தான் இருப்பார். நான் அவர் கூடப் போய் வெயிலில் காய்ந்ததுதான் மிச்சம். விரல் நீளக் கெண்டைகள் இரண்டு பிடித்திருந்தேன். மாமியார் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "வத்தல் யாவாரிக்கு வத்தல் மாதிரிதான் மீன் கிடைக்கும்" என்று என் கொழுந்தியாள் எல்லோர் முன்னாலும் சொன்ன அன்று பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அற்ப விஷயம். ஆனால் எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, வீட்டோடு இருந்த மாப்பிள்ளை வேறு. ஒரு பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்கவேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை என்கிற மாதிரி திரிந்தேன்.

அது ஆடி மாதம். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்தது. வீட்டில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து என்னைத் தவிர எல்லோரும் காப்புக் கட்டியிருந்தார்கள். கடைசி வெள்ளி முடியும்வரை வீட்டுக்குள் கவிச்சி வரக்கூடாது. மச்சான் மீனைத் தொடவே கூடாது. அந்தச் சமயம் பார்த்துத்தான் கண்மாய் வற்றி, மடைக்குழியில் மட்டும் தண்ணீர் நின்றது. அதற்குள் ஒரு கிழட்டு விரால் கிடப்பதாக மச்சானே வாய்தவறிச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் ஊரே இறங்கி அள்ளிவிடும். நான் விடுவேனா?

"விரதம் மாப்ள" என்றார்.

"நீங்க தொட வேண்டாம். வாயால சொல்லுங்க. நான் பிடிக்கேன்."

"சரி, வாங்க" என்றார். அன்றைக்கு அவர் மாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

வேலை இல்லாத நாள் காலையில் போனோம். ஆடிக் காற்று கருவேல மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. கண்மாய் முழுக்க வெடித்த கரம்பை மண். மடைப் பக்கம் மட்டும் கலங்கிய பச்சைத் தண்ணீர். அதைப் பார்த்ததும் ஏனோ எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. குழியைச் சுற்றி ஒரு கொக்குகூட இல்லை.

மூங்கில் கம்பு, புதிதாகக் கடைகளுக்கு வந்திருந்த நைலான் நரம்பு, ஒரு தவளைக் குஞ்சு. அதை முள்ளில் கோர்க்க மச்சான் சொல்லச் சொல்ல என் விரல்தான் செய்தது. அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"விரால் மூச்சு விட மேல வந்தே ஆகணும். வந்துட்டுப் போனதும் எண்ணுங்க."

தண்ணீர் ஓரிடத்தில் மெல்லப் பிளந்தது. ஒரு கறுத்த மூக்கு தெரிந்து மறைந்தது. எண்ணினேன். முந்நூற்றுச் சொச்சத்தில் மறுபடி, ஒரு பாகம், ஆறடி இருக்கும், தள்ளி. மூன்றாவது முறை அது எங்கே வரும் என்று மச்சான் முகத்தைத் தூக்கி நாடியால் காட்டினார். தவளையை அங்கே தத்தவிட்டேன்.

தண்ணீர் வெடித்தது. கம்பு என் நெஞ்சில் இடித்தது. "இழுக்காதீக! அது போகட்டும். போகட்டும்... இப்ப நில்லுங்க!" மச்சானின் கைகள் பின்னாலிருந்து முன்னால் வந்து காற்றில் கம்பைப் பிடித்திருந்தன. நான் சேற்றில் முழங்கால்வரை இறங்கிவிட்டேன். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. கடைசியில் அதைக் கரையில் இழுத்துப் போட்டு மேலே விழுந்து கட்டிக்கொண்டேன். என் கை நீளத்துக்கு இருந்தது. பாம்புத் தலை. அது கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்தது. நான் அழுதேவிட்டேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மச்சான் தள்ளி நின்றே சிரித்தார். "இனிமே உங்கள யாரும் வத்தல்னு சொல்ல முடியாது." பிறகு முகம் மாறிவிட்டது. "வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே. நம்ம ஆபீஸ் கிணத்துல விட்டுருங்க மாப்ள."

கிணற்றில் விட்டால் யார் பார்ப்பார்கள்? கடைசி வெள்ளிக்கு ஐந்து நாள் இருந்தது. அதுவரை உயிரோடு வைத்திருந்து, விரதம் முடிந்த மறுநாள் வாசலில் கொண்டுபோய்ப் போட வேண்டும். விரால் சாகாது, தண்ணீர் மட்டும் இருந்தால் போதும். ஆனால் அந்த வறட்சியில் எந்தத் தொட்டியில் தண்ணீர் இருந்தது? குடிக்கவே குடத்தை எண்ணி ஊற்றிய காலம். எங்கள் ஆபீஸில் மருந்து ரூம் பின்வாசல் பக்கம் ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. தீப்பிடித்தால் அணைக்க. எந்த வறட்சியிலும் அதை மட்டும் தினமும் காலையில் விளிம்புவரை நிரப்பிவிட வேண்டும் என்பது மாமனார் வைத்த சட்டம்.

அன்று பொழுது சாய்வதற்குள் அதில்தான் விட்டேன். மேலே சாக்கு போட்டு இரண்டு கல் வைத்தேன். மச்சான் கேட்டபோது, "விஸ்வநத்தத்துல தெரிஞ்ச வீட்டுல விட்டிருக்கேன்" என்று சொன்னேன். அவர் மருந்து ரூமுக்கு முன்வாசல் வழியாகத்தான் போவார். பின்பக்கம் வரமாட்டார். தொட்டியை நிரப்பும் வேலையையும் நானே வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. டீ நேரத்தில் போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்ப்பேன். அது அசையாமல் கிடக்கும். ஒரு தடவை தொட்டியைச் சுற்றித் தரை நனைந்திருந்தது. கல் ஒன்று நகர்ந்திருந்தது. பார்த்தேன். கல்லைத் திரும்ப நகர்த்தி வைத்துவிட்டு வந்துவிட்டேன். இதை எழுதும்போதுகூட என்னை அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்றாம் நாள் மதியம் காற்று பேயாக அடித்தது. நான் கேட் பக்கம் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போது மச்சானின் குரல் கேட்டது.

"எல்லாரும் வெளிய வாங்க! மருந்துல தண்ணி பட்டுருச்சு! ஓடாதீக, நடந்து வாங்க!"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சாக்கு பறந்திருக்கிறது. விளிம்புவரை நிறைந்த தொட்டியிலிருந்து துள்ளி விழ அதற்கு என்ன கஷ்டம்? வெயிலுக்கு அஞ்சி நிழலைத் தேடிப் பின்வாசல் வழியாக ஊர்ந்து உள்ளே போயிருக்கிறது. அங்கே தரையில் காகிதம் விரித்து மருந்து பரப்பியிருப்பார்கள்.

ஆபத்து என்றால் எல்லோரும் வேப்ப மரத்தடிக்கு வந்துவிட வேண்டும், மச்சான் தலையை எண்ணுவார். அதுதான் வழக்கம். ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். நான் மட்டும் போகவில்லை. லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். பயம் இல்லை அது. வெட்கம். எல்லோர் முன்னாலும் அவர் என்னைப் பார்த்துக் கேட்கப்போகிற கேள்விக்குப் பயந்து ஒளிந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய்க்கொள்ளலாம் என்று இருந்தேன்.

எண்ணிக்கையில் ஒரு ஆள் குறைந்தது. "அவரு எங்கன போயிருப்பாருன்னு எனக்குத் தெரியும்" என்று மச்சான் சொன்னதாக, திரி கிள்ளுகிற ஒரு அம்மாள் பிற்பாடு சொன்னார்.

லாரிக்கு அடியில் குனிந்தவாறே அவருடைய கால்களைப் பார்த்தேன். செருப்பில்லாத கால்கள். மருந்து ரூமைச் சுற்றிப் பின்பக்கம் போயின. மண் அள்ளிப் போடப் போகிறார் என்று நினைத்தேன். "மாப்ள!" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக, "மாப்ள!" என்னைத் திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் பதில் சொல்லவில்லை.

அப்புறம் மருந்து ரூம் போய்விட்டது. சத்தம் எனக்கு நினைவில்லை. லாரி ஒரு பக்கமாகத் தூக்கி விழுந்ததுதான் நினைவிருக்கிறது.

அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நான் லோடு ஏற்றிய அதே லாரியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெட்டிகளை ரோட்டில் தள்ளிவிட்டோம். வழியில் ஒரு தடவை கண்ணைத் திறந்தார். "எங்கன போனீக மாப்ள? தொட்டிப் பக்கம் நிப்பீகன்னு தேடுனேன்" என்றார்.

"இங்கனதான் இருந்தேன் மச்சான். லாரிகிட்ட."

"நல்லதாப் போச்சு" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் மாமனார் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி நடந்தது என்று கேட்டார். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. "என் கை ஈரம்தாம்ப்பா. சரியாத் துடைக்கல" என்றார். மாமனார் மகனை வெகு நேரம் பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் விடியுமுன் மச்சான் போய்விட்டார்.

அன்றைக்கே, காரியமெல்லாம் முடியும் முன்பே, ஒருமுறை ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. பின்பக்கம் வெகு தூரம் தள்ளி, பனையடி நிழலில், மச்சானின் துண்டு ஈரத்தோடு சுருண்டு கிடந்தது. சுற்றிலும் மண் அணைத்து வைத்திருந்தது. பிரித்தேன். உடம்பெல்லாம் அலுமினியப் பொடி ஒட்டிப் பளபளவென்று அந்த விரால். செவுள் மெல்ல அசைந்தது. எல்லோரையும் வெளியே கூப்பிடும் முன்பே, அது மருந்தில் புரளாமல் இருக்க, அவர் விரதத்தையும் மறந்து கையால் தூக்கிக்கொண்டுவந்து அங்கே கிடத்தியிருக்கிறார். நேரே தூக்கிப்போய்க் கிணற்றில் விட்டேன். முதல் நாளே அவர் அதைத்தான் செய்யச் சொன்னார்.

நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தினோம். என் மனைவி நல்லவள், யாரையும் குறை சொல்லமாட்டாள். அண்ணன் ஒருவரைத் தவிர. சாப்பிட்டு எழுந்து நான் கை கழுவும்போது துண்டை நீட்டிக்கொண்டே சொல்வாள்: "நல்லாத் தொடைங்க. எங்கண்ணன் அன்னைக்கு ஒரு நாள் கையத் தொடைச்சிருந்தா இன்னைக்கு உசுரோட இருக்கும். எம்புட்டு அசட்டை பாருங்க அந்த மனுசனுக்கு." நான் துண்டை வாங்கிக் கையைத் துடைத்துக்கொள்வேன்.