எழிலை முந்திய ஏலம்

கணபதி பகுதியில் லேத் பட்டறை நடத்தும் செவ்வந்திக்கு, பக்கத்துப் பட்டறை எழிலைக் கண்டாலே வயிறு எரியும். மூடிப்போன மில்களின் மெஷின்கள் ஆன்லைனில் ஏலத்துக்கு வரும்போதெல்லாம் நல்லதை அவனே எடுத்துவிடுவான். செவ்வந்தி முதல் நாளே விலை கேட்பாள், அடுத்தவர் ஏற்ற ஏற்றத் தானும் ஏற்றுவாள், கடைசியில் தோற்பாள். எழிலோ ஏலத்துக்கு முன்னால் எங்கோ போய்வருவான்; கடைசி இரண்டு நிமிடம் வரை விலையே கேட்க மாட்டான்.

இந்த முறை அவளும் அப்படியே காத்திருந்தாள். பெரியநாயக்கன்பாளையத்தில் கிடந்த ஒரு லேத்துக்கு, ஏலம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது விலை போட்டாள். கிடைத்துவிட்டது. எழிலின் முகம் வாடுவதைப் பார்ப்பதற்கென்றே அவன் பட்டறைக்குப் போனாள்.

"அந்த லேத்த நான் எடுத்துபோட்டேன், எழில்."

"அதுங்களா அக்கா? நேர்ல போய்ப் பாத்தேனுங்க. அடியில இருக்கற பெட்டுல பெரிய விரிசல். அதான் விட்டுபோட்டேன்," என்றான் எழில். "ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேனுங்க."

ஒவ்வொரு ஏலத்துக்கும் முன்னால் அவன் எங்கே போய்வந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. லேத் வீணானதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவன் அத்தனை தன்மையாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.