கல்யாணமானவர் அணியின் ரைட் கார்னர்

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு கொஞ்சம். கீரமங்கலத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டார் எதுவும் கேட்காது, இவரும் எதுவும் சொல்லமாட்டார், நல்ல பொருத்தம். எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் "சாப்பிட்டியா" என்று ஒருதடவைகூடக் கேட்டது கிடையாது. நம் ஊரில் எதிரே வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிற கேள்வி அது. பால்காரர் கேட்டிருக்கிறார். ராங் நம்பரில் கூப்பிட்ட ஒரு அம்மா, வைப்பதற்கு முன்னால் கேட்டிருக்கிறார். இவர் கேட்டதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மறக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அதனால் பொங்கலுக்கு ஊரில் விளையாட்டுப் போட்டி நடந்தால் முதலுதவிப் பெட்டியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் எனக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் புதுக்கோட்டையில் விளையாட்டுக் காயங்களுக்காக ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். தலையில் அடிபட்டவரிடம் என்ன கேட்க வேண்டும், கண்மணியை எப்படிப் பார்க்க வேண்டும், விழுந்த பல்லை எதில் போட்டு வைக்க வேண்டும், எல்லாம் சொன்னார்கள். பாடம் எடுத்த டாக்டரம்மா கடைசியில் ஒன்று சொன்னார். "ரத்தம் வர்றவர நாலு பேரு பாத்துக்குவாங்க. ரத்தம் வராதவர நீங்க பாருங்க." நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். அந்த நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

காணும் பொங்கலன்று எங்கள் ஊரில் ஒரு கபடி ஆட்டம் உண்டு. கல்யாணமானவர்கள் ஒரு அணி, ஆகாதவர்கள் ஒரு அணி. கோப்பை கிடையாது. தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்குக் கோழி பிரியாணி வாங்கிக் கொடுக்க வேண்டும். இதுவரை கல்யாணமானவர்கள்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். தொப்பை, முட்டிவலி, ஆடுகளத்தைச் சுற்றி உட்கார்ந்து பார்க்கும் மனைவிமார் என்று காரணங்கள் பல. என் வீட்டுக்காரர் அந்த அணிக்கு ரைட் கார்னர். வலது மூலையில் நின்று, ஏறி வருகிறவனின் கணுக்காலைப் பிடிக்கிற வேலை. நாற்பதை நெருங்கியும் விடவில்லை. பேசாமல் செய்கிற வேலை என்பதால் பிடித்திருக்கும்.

ஆகாதவர் அணியில் போன பொங்கலுக்கு ஏறி வந்த பையனுக்கு மாசியில் கல்யாணம் குறித்திருந்தது. அவர்கள் அணிக்கு அதுவே அவன் கடைசி ஆட்டம். என் வீட்டுக்காரரை மாமா என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவான். கோட்டைத் தாண்டி வந்தவன் குனிந்து திரும்பினான். அதே நேரம் இவர் காலுக்குப் பாய்ந்தார். இவருடைய நெற்றியின் ஓரம் அவன் வாயில் போய் மோதியது. தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் "அய்யோ" என்றோம்.

புது மாப்பிள்ளையின் வாயெல்லாம் ரத்தம். என் வீட்டுக்காரர் எழுந்தார், முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார், தலையைத் தடவிக்கொண்டார். ஒரு சொட்டு ரத்தமில்லை. உடனே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவன் அடிபட்டவன், இவர் அடித்தவர். எங்கள் பக்கத்தில் அடித்தவருக்கு வலிக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. "கல்யாணப் பையன் பல்ல இப்புடி ஒடச்சுப்புட்டீங்களே" என்று அவனுடைய சித்தப்பா இவரைத் திட்டினார். இவர் பேசாமல் நின்றார். அது அவர் வழக்கம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பையனிடம் ஓடினேன். யாரோ காபித்தூள் பொட்டலத்தோடு வந்தார், விரட்டினேன். வேறொருவர் முட்டிவலிக்கு அடிக்கிற ஸ்பிரேயை அவன் உதட்டுக்கு நேராக நீட்டினார், பிடுங்கி வைத்தேன். துணியை மடித்துக் கொடுத்து அழுத்திக் கடிக்கச் சொன்னேன். முன்பல் ஒன்று வேரோடு போயிருந்தது. பயிற்சியில் சொன்னது அப்படியே ஞாபகம் வந்தது. வேரைத் தொடக்கூடாது, தேய்க்கக்கூடாது, பாலில் போட்டு ஒருமணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். "பல்லு எங்க?" என்று கேட்டேன்.

அவனுடைய சித்தி முன்னால் வந்தார். "நான் போட்டுட்டேன்த்தா."

"எங்கிட்டுப் போட்டீங்க?"

பால் சொசைட்டிக் கூரையைக் காட்டினார். சாணியில் உருட்டிப் போட்டாராம். சின்னப் பிள்ளைகளுக்குப் பல் விழுந்தால் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். இவனுக்கு இருபத்தொன்பது வயது. நான் பார்த்த பார்வையில் சித்திக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "மொளைக்கும்ல?" என்றார்.

அதற்குப் பிறகு அரைமணி நேரம் ஊரே பல் தேடியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் நாலு பேர் ஏறினார்கள். இன்னும் இரண்டு தலை உடையப்போகிறது என்று நான் கீழேயிருந்து கத்தினேன். கூரைமேல் பழைய செருப்பு, இரண்டு பந்து, யாருடையதோ பால்பல் ஒன்று கிடைத்தன. கடைசியில் இவன் பல்லும் கிடைத்தது. லேசாகக் கழுவினேன், சொசைட்டியிலேயே ஒரு டம்ளர் பால் வாங்கிப் போட்டேன். என் வேலையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. பையனின் சித்தப்பா கார் எடுத்துவரப் போனார்.

இதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் நேராக நடந்துபோய் எதிரணிப் பக்கத்தில், ஆகாதவர்களோடு, வலது மூலையில் நின்றார். மைதானமே சிரித்தது. "அண்ணனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலன்னு நெனப்பு!" என்று மைக்கில் சொன்னார்கள். அதற்கு மேலும் சிரிப்பு. நான்தான் அதிகமாகச் சிரித்தேன். பெண்கள் வரிசையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்ததால் சிரிக்க வேண்டியிருந்தது என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உண்மையிலேயே சிரிப்பு வந்தது.

அவரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாப்பிட்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பையன் பல்லை உடைத்த வருத்தத்தில் மனசு இளகிவிட்டது போல என்று நினைத்தேன். "சாப்பிட்டேங்க" என்றேன். கேவலம், ஒரு வார்த்தைக்குக் கன்னம் சூடாகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி. "சாப்பிட்டியா?"

இந்தத் தடவை பக்கத்தில் இருந்த என் நாத்தனாருக்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் நானும் சத்தமாகப் பதில் சொன்னேன். "பாத்தியா, ஒங்கண்ணன் ரெண்டாந்தடவ கேக்குறாரு."

"நீங்க குடுத்து வச்சவங்க அண்ணி" என்றாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மூன்றாவது தடவை கேட்டபோது அதே குரல், அதே இழுப்பு. முதல் இரண்டு தடவையும் கேட்கவேயில்லை என்பதுபோலக் கேட்டார். நோட்டில் இரண்டு கோடு போட்டிருந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தது.

"என்னங்க, இன்னைக்கு மேட்ச்ல யாரு முன்னாடி இருக்கா?"

"மேட்ச் எப்ப?" என்றார். பனியனெல்லாம் களத்து மண்.

டார்ச்சை எடுத்துக் கண்ணில் அடித்துப் பார்த்தேன். அவசரத்தில் வெளிச்சம் அவர் மூக்கில்தான் அதிகம் விழுந்தது. வெளிச்சத்துக்கு முகத்தைச் சுளித்தவர் அப்படியே குனிந்து வாந்தியெடுத்தார். நான் அவர் கழுத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டு "காரு, காரு" என்று கத்தினேன். பல்லுக்காக வந்த காரில்தான் ஏற்றினோம்.

புதுக்கோட்டைக்கு ஒருமணி நேரப் பயணம். முன்சீட்டில் சித்தப்பா ஓட்டினார். பின்னால் நடுவில் நான், ஒருபக்கம் இவர், மறுபக்கம் வாயில் துணியும் கையில் பால் டம்ளருமாகப் புது மாப்பிள்ளை. ஆலங்குடி வருவதற்குள் இவர் அவனை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"மாப்ள, வாயில என்னாச்சு?"

இவர்தான் உடைத்தார் என்று அவன் சொல்லியிருக்கலாம். நியாயமும்கூட. அவன் துணியை எடுத்துவிட்டு, ரத்தத்தோடு சொன்னான்.

"விழுந்துட்டேன் மாமா."

"பாத்துப் போகக் கூடாதா?"

"பாத்துப் போறேன் மாமா."

அந்த ஒருமணி நேரத்தில் இதே கேள்வியை எத்தனை தடவை கேட்டார் என்று தெரியாது. அத்தனை தடவையும் அவன் துணியை எடுத்து, விழுந்துட்டேன் மாமா என்றான். நடுநடுவே இவர் என் பக்கம் திரும்பி, சாப்பிட்டியா என்றார். நான் சாப்பிட்டேங்க என்றேன். பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டுப் போகப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. இனிமேல் ஜென்மத்துக்கும் கேட்க வேண்டாம், இந்த மனுஷன் எனக்கு இருந்தால் போதும் என்று நெடுஞ்சாலையில் தெரிந்த எல்லாக் கோயில் கோபுரத்துக்கும் வேண்டினேன். ஒரு மாதா கோயிலுக்கும் வேண்டினேன்.

ஸ்கேனில் மண்டைக்குள் ஓரமாக, மெல்லிசாக ரத்தம் கசிந்திருந்தது தெரிந்தது. ஆபரேஷன் தேவைப்படாமல் போகலாம், பார்க்கலாம் என்றார்கள். இரண்டு நாள் மணிக்கொருதரம் எழுப்பி, பெயர் என்ன, இது எந்த இடம், பக்கத்தில் இருப்பது யார் என்று கேட்டார்கள். நான் யார் என்ற கேள்விக்கு மட்டும் அவர் ஒருதடவையும் தப்பாகச் சொல்லவில்லை. இரண்டாவது ஸ்கேனில் ரத்தம் கூடவில்லை. மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"எதுவும் பேச மாட்டேங்குறாருங்க சார்" என்றேன்.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. "எப்பலேர்ந்து?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து சார். சரியாயிட்டாரு."

பல் பிழைக்கவில்லை. சாணி, கூரை, வெயில், அரைமணி நேரத் தேடல், எல்லாவற்றையும் பல் டாக்டரிடம் வரிசையாகச் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். புது மாப்பிள்ளைக்குக் கட்டுப்பல் வைத்தார்கள். என் வீட்டுக்காரருக்கு கபடி கூடாது, சில வாரத்துக்கு பைக் கூடாது, ரொம்ப நேரம் போன் கூடாது. போன் விஷயத்தில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. அந்த மாலை நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. பையன் பல்லை உடைத்ததைக்கூட நாங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அத்தனை தடவை சாப்பிட்டியா என்று கேட்டதை மட்டும் நான் சொல்லவில்லை. சொன்னால் என்னவோ பிச்சை கேட்பதுபோல இருக்கும்.

மாசியில் அந்தக் கல்யாணத்துக்குப் போனோம். மாப்பிள்ளை வாயைத் திறந்து சிரித்தான், பல் பழுதில்லை. நான் பெண் வீட்டாருக்குப் பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"சாப்பிட்டியா?"

திரும்பிய வேகத்தில், அத்தனை பேர் முன்னால் அவர் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். "இன்னைக்கு என்ன கெழம?"

"ஞாயித்துக்கெழம."

"மாப்பிள்ளைக்கு எந்தப் பல்லு?"

"நான் ஒடச்சது." என் கையை மெதுவாக விலக்கினார். "சாப்பிட்டியா இல்லையா, அதச் சொல்லு."

"இல்லீங்க."

"வா. எலை போட்டுட்டாங்க. எடம் புடிச்சு வச்சிருக்கேன்."

பந்தியில் அவர் இடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் துண்டு கிடந்தது. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார். சாம்பார் வந்தது, ரசம் வந்தது. மறுபடி கேட்பாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாயசம் வரும்வரை பார்த்தேன். கேட்கவில்லை. ஏன் கண் கலங்குது என்று எதிர்வரிசையில் நாத்தனார் கேட்டாள். ரசம் காரம் என்றேன்.