எங்கள் வீட்டில் கை நனைத்தவர்கள்

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, "நீதான் படிச்சவ, நீயே எழுது" என்று தம்பி சொல்லிவிட்டான். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிப்படிப்பை முழுதாக முடித்து, கல்லூரிக்கும் போனவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. அம்மாவுக்கும் இருந்ததில்லை. கறிக்கடையில் நிற்கும்போதுகூட, "எம் பொண்ணு கம்ப்யூட்டர் ஆபீசுல கீது" என்று ஆரம்பித்துவிடுவார். ஆனால் படித்தவள் எழுதும்போது, படித்தவள் செய்த தவறையும் எழுதத்தான் வேண்டும்.

அம்மா பிறந்தது வேடந்தாங்கலுக்குப் பக்கத்தில் ஒரு காலனியில். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. வீட்டுப் பெரியவர்கள் நடவுக்கும் அறுப்புக்கும் போவார்கள். ஏழு வயதிலிருந்து அம்மாவும் கூடப் போனார். நிலக்காரர் வீட்டு விசேஷம் என்றால் பின்வாசலில் பாத்திரத்தை நீட்டிச் சாப்பாடு வாங்கி வருவார்கள். இவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நிலக்காரர் வந்தால் பந்தலுக்கு வெளியே நாற்காலி போட வேண்டும். கடையிலிருந்து மூடி திறக்காத சோடா வாங்கிவந்து, அவர் கண்ணெதிரே உடைத்துக் கொடுத்தால் குடிப்பார். சோற்றைத் தொடமாட்டார். அம்மாவின் கல்யாணத்திலும் அப்படித்தான் நடந்தது.

ஐப்பசி பிறந்தால் அந்த ஏரிக்குப் பறவைகள் வரத் தொடங்கும். அவை மிரண்டுவிடும் என்று அந்தப் பக்கம் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அம்மா இதைச் சொல்லிச் சிரிப்பார். "எங்கிருந்தோ வர்ற கொக்குக்கு இன்னா மரியாத பாரு. பக்கத்துத் தெரு மனுசன் நம்ம வூட்ல ஒரு வாய் துன்ன மாட்டான்."

கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்தார். அப்பா லாரிகளில் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தார். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா தவறிவிட, அம்மா கடற்கரைப் பக்கம் ஊழியர் குடியிருப்பு ஒன்றில் வீட்டு வேலைக்குப் போனார். விடியும் முன் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்து திரும்புவார். அந்த வீடுகளில் பாத்திரம் துலக்கலாம், அடுப்பைத் தொடக் கூடாது. பன்னிரண்டு வருடம் அடுத்தவர் பாத்திரங்களைத் துலக்கிய கையால் ஒரு அந்நியருக்குச் சோறு போட்டதில்லை. இந்த ஒரு குறை அம்மாவை எப்படி அரித்தது என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது.

எனக்கு வேலை கிடைத்து கூடுவாஞ்சேரியில் வாடகை வீட்டுக்கு வந்தோம். முதல் வருடம் புரட்டாசி முடிகிற சமயத்தில் அம்மா கேட்டார்.

"உன் கூட வேல செய்யறவங்கள ஒரு நாள் சாப்பிடக் கூட்டினு வாயேன். ஐப்பசி மொத ஞாயித்துக்கெழம. நான் ஆக்கிப் போடறேன்."

"எதுக்கும்மா? அவங்க எல்லாம் ஓட்டல்ல துன்றவங்க."

"அதான் சொல்றேன். ஓட்டல்ல துன்னுத் துன்னு நாக்கு செத்துப் பூட்டிருக்கும்."

ஐந்து பேரை அழைத்தேன். அன்று அதிகாலையில் அம்மா செங்கல்பட்டு போய், அங்கிருந்து மாமல்லபுரம் பஸ் பிடித்து, கரையிலேயே காரப்பொடி மீன் வாங்கிவந்தார். முள் அதிகமுள்ள சின்ன மீன். எங்கள் வீட்டில் அதற்கு மேல் ருசி கிடையாது. காலையில் குழம்பு வைத்தால்தான் சாயங்காலத்துக்குள் மீனில் புளி இறங்கும் என்பது அம்மாவின் கணக்கு. முருங்கைக்கீரைப் பொரியல், ரசம், சோறு. அவ்வளவுதான் விருந்து.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் பலமுறை, "உங்க ஊர்ல எந்த ஏரியா?" என்று கேட்டிருக்கிறார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்தே பேச்சை மாற்றியிருக்கிறேன். இந்தக் குழம்பையும் அம்மாவின் பேச்சையும் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், தட்டை நகர்த்திவிடுவார்கள் என்று தோன்றியது. அம்மாவிடம் சொல்லாமல் ஓட்டலில் பிரியாணி சொல்லிவிட்டேன்.

தோழிகள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பு பார்சல் வந்தது. கதவைத் திறந்து வாங்கியவர் அம்மா. பையை என்னிடம் கொடுத்தார். குழம்புச் சட்டியை மூடிக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்தார். பிறகு அந்தப் பிரியாணியைத் தன் கையாலேயே எல்லோருக்கும் பரிமாறினார்.

"ஆன்ட்டி, சூப்பர்! எப்படிச் செஞ்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எல்லாம் எம் பொண்ணு ஏற்பாடும்மா" என்றார்.

அவர்கள் போனபின் தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "என் கல்யாணத்துக்கு வந்தவனுக்கு எங்கப்பன் சோடா வாங்கிக் குடுத்தாரு. நீ பிரியாணி வாங்கிக் குடுத்துகிற. அவங்களா வோணாம்னு சொல்றதுக்கு முன்னால நீயே சொல்லிட்ட."

அடுத்த இரண்டு ஐப்பசியும் அம்மா யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை. நானாகவும் கேட்கவில்லை. அந்த இரண்டு வருடத்தையும் அம்மாவிடமிருந்து நான் திருடியதாகவே நினைக்கிறேன்.

பிறகு அம்மாவின் கால்கள் வீங்கத் தொடங்கின. இரண்டு சிறுநீரகமும் பழுது என்றார்கள். வாரம் இரண்டு முறை செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். உப்பு கூடாது. தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்துதான் தர வேண்டும். கோடையில், "இன்னும் ஒரே ஒரு மொடக்கும்மா" என்று அம்மா என்னைக் கெஞ்சியிருக்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கிறேன். பெற்ற தாய்க்குத் தண்ணீர் இல்லை என்று சொன்ன வாய் இது.

சென்ற ஆண்டு ஐப்பசி நெருங்கியது. அடுத்த ஐப்பசிக்கு அம்மா இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் அதே ஐந்து பேரிடம் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல சாப்பாடு. போன தடவை நீங்க சாப்பிட்டது ஓட்டல் பிரியாணி, அம்மா செஞ்சதில்ல. நாங்க காலனி ஆளுங்க. எங்கம்மா வீட்டு வேலை செஞ்சுதான் என்னைப் படிக்க வச்சாங்க. இந்தத் தடவை அம்மா சமைக்கிறாங்க. வாங்க."

"இதையெல்லாம் ஏம்ப்பா சொல்ற? நாங்க எதுவும் பாக்கறதில்ல" என்றார்கள். ஐந்து பேரும் வருவதாகச் சொன்னார்கள்.

கரைக்குத் தம்பி போய் மீன் வாங்கிவந்தான். அம்மாவால் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சமைத்தார். ருசி பார்க்க முடியாததால் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து என்னிடம் நீட்டி, "உப்பு?" என்றார். கூடுதலாகத்தான் இருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல மனம் வரவில்லை. "சரியா இருக்கும்மா" என்றேன்.

ஏழு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள், திவ்யாவும் நசீமாவும். நாங்கள் அரை மணி நேரம் காத்திருந்தோம்.

"மீதி மூணு பேரு?"

"மழைம்மா."

ஜன்னலுக்கு வெளியே தெரு காய்ந்து கிடந்தது. அம்மா அதைப் பார்த்தார். பிறகு, "சரி, எலய போடு. பசியோட வந்தவங்கள குந்த வச்சினு இன்னா பேச்சு?" என்றார்.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நசீமா தலை நிமிராமல் முள் எடுத்துச் சாப்பிட்டாள். நாகர்கோவில்காரியான திவ்யா இரண்டாவது கவளத்தில் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. உப்பு கொஞ்சம் கூடிப் போச்சு. எங்கம்மா வச்சா இன்னும் புளி நிக்கும்."

அம்மா சிரித்தார். நோய் வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"கேட்டியாடி? குத்தம் சொல்லுது பாரு! துன்றவதான் குத்தம் சொல்லுவா. துன்னாதவ சூப்பர்னுட்டுப் போயிடுவா. இன்னும் ரெண்டு மீனு வைக்கட்டாம்மா?"

"குழம்பு வேணாம் ஆன்ட்டி, மீன் மட்டும்."

"பாரேன், கேட்டு வாங்கித் துன்னுது!"

தனக்கென வைத்திருந்த உப்பில்லாக் கஞ்சியை அம்மா அன்று அவர்களோடு உட்கார்ந்து குடித்தார். வராத மூன்று பேருக்கான சோறு பானையில் அப்படியே இருந்தது. இரவு படுக்கப் போகுமுன் நான் அதில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தேன்.

கார்த்திகையில் அம்மா மறைந்தார். அந்த மூன்று பேரும் மாலையோடு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகை பொய் என்று சொல்லமாட்டேன். சாவு வீட்டில் யாரும் கை நனைக்கத் தேவையில்லை. அதனால் அன்று எல்லோராலும் வர முடிந்தது.

அம்மாவை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், எனக்கு விடுப்பு இல்லாத நாட்களில் அம்மாவை ரயிலில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்த பக்கத்து வீட்டுச் சாந்தி அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. திவ்யாவுக்கும் நசீமாவுக்கும் நன்றி என்ற சொல் போதாது.

இன்று நினைவு நாள் சாப்பாடு. ஓட்டலில் சொல்லி வாங்கவில்லை, எங்கள் அடுப்பில் நானும் தம்பியும் சமைத்தது. அந்த மூன்று பேர் உட்பட எல்லோரையும் அழைத்திருக்கிறோம். படத்துக்குப் பூப் போட்டுவிட்டு வாசலோடு திரும்புகிறவர்களைத் தடுக்கப் போவதில்லை. ஆனால் இந்த மலரை வாசலில் வைக்க வேண்டாம், சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவர்களிடம் மட்டும் கொடு என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். ஆகவே இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் யாராக இருந்தாலும், எங்கள் அம்மாவின் வீட்டில் சாப்பிட்டவர். நன்றி.