வயிறு தள்ளிய சுவர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஆட்களைக் கேட்டால், மூக்கு வரைக்கும்கூட ஏற வேண்டாம், வாசற்படியிலேயே செருப்புப் போட்டுக்கொண்டு தயாராக நிற்கும் என்பார்கள். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் செய்யும் தொழில் ஆர்க்கிடெக்ட். திருச்சியில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் நான் இன்ஜினியரம்மா. திருத்தித் திருத்தி வாய் வலித்ததுதான் மிச்சம். வீட்டு முகப்பு எப்படித் தெரியும் என்று கம்ப்யூட்டரில் கலர் படம் போட்டுக் கொடுக்கிறவள், அவ்வளவுதான் என் வேலை என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் பழைய நகரத்துச் சந்துகளில் சுவர் பார்த்துக்கொண்டு திரிகிறேன். யார் வீட்டில் விரிசல் விட்டாலும் எனக்கு போன் வருகிறது. அது ஒரு நோன்பு மாதத்தில் ஆரம்பித்தது.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்து முனையில் கைலி வியாபாரம் செய்யும் பாய் ஒருவரின் வீடு. மகன் வளைகுடாவிலிருந்து வந்ததும் கல்யாணம், அதற்குள் மாடி எடுக்க வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார். அளவெடுத்துக்கொண்டே வாசலுக்கு வந்தவள், சந்துக்குள் திரும்பிப் பார்த்தேன். பள்ளிவாசலின் முன்கேட்டை ஒட்டி, பூட்டிக் கிடந்த ஒரு பழைய வீட்டின் பக்கச்சுவர். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே. அதன் கூரை எப்போதோ உள்ளே விழுந்துவிட்டது. மேலே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், மழை நேராக மண்டையில் இறங்கி, சுவர் நடுவில் உப்பிக்கொண்டு சந்துப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. கொத்தனார்கள் இதை வயிறு தள்ளிய சுவர் என்பார்கள். டேப்பை அப்படியே விட்டுவிட்டேன். அது சர்ரென்று சுருண்டு பாயின் கையில் அடித்தது.

"என்னங்க மேடம்?" என்றார்.

"அந்தச் சுவத்தடியில யாரு அத்தனை பேரு?"

"கஞ்சி வரிசைங்க. நோன்பு மாசம்ல."

அந்தச் சந்தில் மதியத்துக்கு மேல் நிழல் என்று இருப்பது அந்தச் சுவரடி மட்டும்தான். பள்ளிவாசலில் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து கஞ்சி ஊற்றுவார்கள். அதற்கு வெகு நேரம் முன்பே ஆளுக்கொரு தூக்குவாளியைக் கொண்டுவந்து சுவரோரமாக வைத்து இடம் பிடித்துவிடுவார்கள். வைத்தவர்கள் வீட்டுக்குப் போனாலும் தூக்கு நிற்கும். தூக்கு நின்றால் ஆள் நின்ற மாதிரி. நகர்த்தினால் சண்டை வரும். நோன்பு பிடிக்கிறவர்கள், பிடிக்காதவர்கள், முக்காடு போட்டவர்கள், பொட்டு வைத்தவர்கள் எல்லோருக்கும் அந்த வரிசையில் ஒரே சட்டம்தான்.

ஓடிப்போய் நின்று கத்தினேன். "இந்தச் சுவர் வயிறு தள்ளிடுச்சு! எல்லாரும் தள்ளி நில்லுங்க!"

வரிசையின் தலையில் நிறைமாதத்தை நெருங்கிய ஒரு பெண் நின்றிருந்தாள். புருஷன் அரியமங்கலத்தில் லேத் பட்டறை வேலை என்று பிறகு தெரிந்தது. அவள் தூக்கின் மூடியில் அடையாளத்துக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் வட்டம். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வயிறு தள்ளினவங்க எல்லாம் தள்ளி நிக்கணுமாக்கா? நான் முதல் ஆளா வந்தேனே!"

வரிசையே சிரித்தது. எனக்கும் வாய்வரை சிரிப்பு வந்தது, ஆனால் அவள் தலைக்கு மேலே அந்த விரிசல் வாய் பிளந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

கண்ணாடிக் கடையிலிருந்து ஒரு சின்னத் துண்டு வாங்கிவந்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசி ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். "கண்ணு பட்டுடக் கூடாதுன்னு ஒட்டறாங்க போல" என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. பாயிடம் வீட்டுக்காரர்களைப் பற்றி விசாரித்தேன். அண்ணன் தம்பி இரண்டு பேர், இருவரும் வெளிநாட்டில், ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. அண்ணன் போனை எடுத்தார். "தம்பி சரின்னா எனக்கும் சரிங்க" என்றார். தம்பி எடுக்கவே இல்லை. ஆளில்லாத சொத்தை முறைப்படி இடிக்க வேண்டுமென்றால் நோட்டீஸ் போக வேண்டும், பதில் வர வேண்டும். அதெல்லாம் சரிதான், சுவருக்குத்தான் அந்த முறை தெரியாது.

ஒரு நாள் விட்டு மறுநாள் போனேன். சந்துக்குள் நுழைந்ததும் கண் கூசியது. சுவர் பளபளவென்று வெள்ளையாக நின்றது. கண்ணாடியைக் காணோம். விரிசலைக் காணோம். அடியில் வரிசையாகத் தூக்குகள்.

பாய் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "பெருநாள் வருதுல்ல மேடம், சந்து பூரா வெள்ளை அடிச்சோம். பூட்டுன வீடுதானேன்னு அதை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்? நீங்க வருத்தப்பட்டீங்களே, விரிசலையும் சிமெண்ட் வெச்சு அடைச்சுட்டோம். பசங்க எல்லாம் நோன்போட செஞ்சாங்க."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வந்ததோ. "உங்களை யாருங்க அடைக்கச் சொன்னது? நோயாளிக்குப் பவுடர் பூசி உட்கார வெச்சா சரியாயிடுமா? ஒரே ஒரு அடையாளம் வெச்சிருந்தேன், அதையும் துடைச்சுட்டு வந்து சிரிக்கிறீங்களே!" என்று நடுச்சந்தில் கத்தினேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. வயதில் பெரியவர், நோன்பு வேறு. வார்த்தையை விட்டுவிட்டோமே என்று சுருக்கென்றது. ஆனாலும் அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"அதான் அடைச்சாச்சே" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

மறுநாள் மதியம் பாயிடமிருந்து போன். குரலே சரியில்லை. "மேடம், கொஞ்சம் வாங்க. உடனே வாங்க."

காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. முன்னால் நின்ற பஸ்ஸை என்ன திட்டினேன் என்று எழுத முடியாது. போய்ச் சேர்ந்தபோது சந்தில் கூட்டம், ஆனால் சத்தமில்லை. வெள்ளைச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. பழுப்பேறிய பழைய சுவரில் தேடிப் பார்க்க வேண்டியிருந்த விரிசல், புது வெள்ளையில் சந்து முனையிலிருந்தே தெரிந்தது. பாய் தன் விரலை அதில் வைத்துக் காட்டினார்.

"நான் அடைச்சேங்க. இந்தக் கையாலதான் அடைச்சேன். ஒரு ராத்திரிக்குள்ள விரல் போற அளவுக்கு விட்டிருக்கு."

என் கண்ணாடித் துண்டு சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ. அவர்கள் கையால் அடைத்தது திறந்ததும் நம்பிவிட்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி வெளியே வந்து சுவரை ஒரு முறைதான் பார்த்தார். "என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா, செய்யறோம்" என்றார்.

நம்பியதெல்லாம் சரி. சந்தின் இரண்டு பக்கமும் கயிறு கட்டினோம். அட்டையில் 'ஆபத்து' என்று எழுதித் தொங்கவிட்டோம். நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் கயிற்றுக்கு அடியில் குனிந்து இரண்டு பெண்கள் போய்ச் சுவரடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எழுந்து வாங்க! போர்டு தெரியலையா?"

"தெரியுதுங்க. வெயிலும் தெரியுதுல்ல" என்றாள் ஒருத்தி.

அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. நாக்கு வறண்டு, வயிறு காய்ந்து, பங்குனி வெயிலில் வந்து நிற்கிறவளிடம் நிழலை விட்டு வா என்று சொன்னால் எங்கே போவாள்? இத்தனை நாளாக ஆட்களை நகர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகர்த்த வேண்டியது நிழலை.

பள்ளிவாசலின் பின்கேட் அகலமான தெருவில் திறக்கும். சுவர் எப்படி விழுந்தாலும் அங்கே எட்டாது. ஆனால் மேற்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கும் இடம். "கஞ்சி அண்டாவைப் பின்கேட்டுக்கு மாத்துங்க, நிழலுக்கு நான் பொறுப்பு" என்று முத்தவல்லியிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கையில் ஒன்றும் இல்லை என்பது உறைத்தது. பந்தல்காரர் நாளைக்குத்தான் வர முடியும் என்றார். தார்ப்பாய் கேட்ட இடத்தில் இல்லை.

நேற்று நான் வாய்க்கு வந்தபடி பேசியிருந்த அந்தப் பாய், நேராகக் கடைக்குப் போனார். தோளில் ஒரு பெரிய பொதியோடு திரும்பி வந்தார். தைக்காத கைலித் துணி. பெருநாள் வியாபாரத்துக்கு வந்த சரக்கு. பச்சைக் கட்டம், நீலக் கட்டம், அரக்குக் கட்டம்.

"கட்டுங்க மேடம்."

"வெயில்ல வெளுத்துடும் பாய். அப்புறம் விக்க முடியாது."

"விக்கறதுக்கு ஆள் இருக்கணும்ல முதல்ல" என்றார்.

மதில் கம்பிக்கும் எதிரே இருந்த விளக்குக் கம்பத்துக்கும் இடையில் கயிறு இழுத்து, துணி தாழாமல் இருக்க நடுவில் மூங்கில் முட்டுக் கொடுத்து, காற்று போக இடைவெளி விட்டுக் கட்டினோம். எவ்வளவோ வீட்டுக்கு வரைபடம் போட்டிருக்கிறேன். இதற்குப் போடவில்லை. அன்று வரிசை பின்கேட்டில் நின்றது. கட்டம் போட்ட நிழல் எல்லோர் முகத்திலும் விழுந்தது. கர்ப்பிணிப் பெண் அண்ணாந்து பார்த்து, "கைலிக்குள்ள நிக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் அன்றுதான் முதன்முறையாக நன்றாக மூச்சு விட்டேன். ராத்திரி தம்பிக்காரரும் சரி என்று குரல்செய்தி அனுப்பிவிட்டார். சுவரைப் பக்குவமாக மேலிருந்து பிரிக்க, கொத்தனார் ஒரு நாள் விட்டு வருவதாக ஏற்பாடு.

சுவர் அதுவரை காத்திருக்கவில்லை.

மறுநாள் அஸருக்கு முன்பு பின்தெருவில் கைலிப் பந்தலின் ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது. முன்பக்கம் போய் ஒரு துண்டுக் கயிறு வாங்கலாம் என்று பாயின் வீட்டு வாசலுக்கு வந்தேன். அப்போதுதான் சத்தம். லாரியில் ஜல்லி கொட்டுவது போல ஒரு இரைச்சல், பிறகு புழுதி. சந்து முழுக்க ஒன்றுமே தெரியவில்லை. புழுதி அடங்க அடங்க, செங்கல் குவியலின் ஓரத்தில் நசுங்கிய ஒரு எவர்சில்வர் மூடி தெரிந்தது. அதன்மேல் சிவப்பு நெயில் பாலிஷ் வட்டம்.

தூக்கு நின்றால் ஆள் நின்ற மாதிரி.

"யா அல்லாஹ்! அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணு!" என்று பாய் கயிற்றைத் தாண்டினார். பின்னாலேயே நாலைந்து பேர். எல்லோரும் நோன்பில் இருக்கிறவர்கள், வெறுங்கையால் செங்கல்லை வாரப் பாய்ந்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் பாதிதான் விழுந்திருந்தது. மீதிப் பாதி தலைக்கு மேலே, கீழே பிடிமானம் இல்லாமல், காற்றுக்கு ஆடிக்கொண்டு நின்றது.

இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றேன். "யாரும் உள்ள போகக் கூடாது! மேல பாருங்க! மீதியும் வருது!"

"தள்ளுங்க மேடம், உள்ள ரெண்டு உசிரு கிடக்குது!"

"போனா நீங்களும் சாவீங்க பாய்! போகாதீங்க!"

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. நேற்றுக் கடைச் சரக்கை எடுத்துக் கொடுத்த மனிதர், இவள் கல்லா மண்ணா என்பது போலப் பார்த்தார். உள்ளே அவள் உயிரோடு இருந்து, நான் தடுத்ததால் செத்துப்போனால்? பெற்ற வயிறு எனக்கும் உண்டு. கையை மட்டும் மடக்கவில்லை. "கடப்பாரை வேணாம், நீளமா மூங்கில் கொண்டாங்க, அந்தப் பக்கமா நின்னு தள்ளி முதல்ல மீதியை இறக்கிடலாம்" என்று சொல்லும்போதே என் குரல் உடைந்து அழுகையாகிவிட்டது.

நாங்கள் மூங்கிலை வைப்பதற்குள் மீதிச் சுவரும் தானாகவே இறங்கியது. சற்று முன் பாய் நின்றிருந்த இடத்தில், அவர் காலடித் தடத்தின் மேலேயே வந்து குவிந்தது. பிறகு எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்து வாரத் தொடங்கினோம். நானும்தான். நகம் பெயர்ந்தது தெரியவில்லை.

"என்னாச்சுக்கா? ஏன் எல்லாரும் அழுவுறீங்க?"

பின்னாலிருந்து குரல். தூக்கக் கலக்கத்தோடு, கன்னத்தில் புடவை மடிப்பின் தழும்போடு அவள் நின்றிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "இங்க ஏன்டி தூக்கை வெச்சே? கயிறு கட்டியிருக்குல்ல? எங்கடி போய்த் தொலைஞ்சே?"

"பழக்கத்துல கை தானா வெச்சிடுச்சுக்கா. வெச்சுட்டு இங்கதான் உக்காரப் பாத்தேன். அப்புறம், அந்தக் கைலி நிழல்ல காத்து நல்லா வருமேன்னு பின்னாடி போனேன். முந்தானையை முகத்துல போட்டுட்டு அப்படியே தூங்கிட்டேன்." குவியலைப் பார்த்தாள். நசுங்கிய மூடியைப் பார்த்தாள். உதடு கோணியது. பிறகு என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே குழந்தை உதைத்தது.

"வயிறு தள்ளினதுல ஒண்ணு விழுந்துடுச்சுக்கா. இது நல்லாத்தான் இருக்கு."

பாய் அங்கேயே தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். எனக்கும் நின்று அழ வெட்கமில்லை.

அன்றைக்கு அவளுக்குப் பாத்திரம் இல்லை. ஸ்கூட்டியிலிருந்த என் டிபன் பாக்ஸைக் கழுவிக் கொடுத்தேன். அதில்தான் கஞ்சி வாங்கிக்கொண்டு போனாள். இன்று வரை திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.