பல்வலிக்காரருக்குச் சொன்ன கதை

எல்லோரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நர்ஸுக்குப் படித்தவளா என்றால் அதெல்லாம் இல்லை. பல் டாக்டரின் முன்னறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதும், உள்ளே மணி அடித்தால் அடுத்த ஆளை அனுப்புவதும்தான் வேலை. வெள்ளைக் கோட்டு ஒன்றை மாட்டிவிட்டார்கள், சிஸ்டர் ஆகிவிட்டாள்.

மணிக்கும் மணிக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில் நாவலா படிக்க முடியும்? அவளுக்குச் சரிப்பட்டது சிறுகதைதான். காத்திருப்பவர்களுக்காக வாங்கிப் போடுகிற பத்திரிகைகளில், புதிதாக எழுத வந்தவர்களின் கதைகளைத் தேடித் தேடிப் படிப்பாள். ஒரு பல்லைப் பிடுங்கும் நேரத்தில் ஒரு கதை முடிந்துவிடும். முடிந்துவிடும் என்றா சொன்னேன்? இந்தக் காலத்துக் கதைகள் எங்கே முடிகின்றன! நம்மை நட்டாற்றில் விட்டுவிட்டு எழுதினவர் பாட்டுக்குப் போய்விடுவார். அவளுக்கு அதுதான் உயிர். அன்றைக்குப் பூராவும் அந்தக் கதை ஆட்கள் மனசுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் அதை யாரிடம் சொல்ல? இருப்பது அண்ணன் வீட்டு மாடியறையில். கல்யாணம் ஆகவில்லை, அந்தப் பேச்சும் எப்போதோ நின்றுபோனது. ஒருநாள் சாப்பிடும்போது ஆசையாக ஒரு கதையைச் சொன்னாள்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள் அண்ணி.

"அவ்வளவுதான் அண்ணி. அதோட முடிஞ்சுது."

"நல்லா இருக்கே கூத்து! இதைக் கேக்கவா சாப்பாட்டை ஆறப் போட்டுட்டு உக்காந்திருந்தேன்?"

அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டினார். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் கதை பேசவில்லை. அவள் படித்த கதையைத் தானும் படித்துவிட்டு வந்து, நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்தை சொல்ல ஒரே ஒரு ஆள் வேண்டும். அவள் ஏங்கியது அவ்வளவுக்குத்தான்.

அப்படியிருக்கும்போது வந்து சேர்ந்தார் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ரூட் கேனல் என்றதுமே மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. அத்தனை மாடி உயரத்தில் நின்று வேலை பார்க்கிறவர், ஊசிக்கு நடுங்குகிறார்! பயம் தெளியட்டும் என்று, கையிலிருந்த பத்திரிகையில் படித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகள், பல வருஷம் கழித்து மழையில் வந்து கதவைத் தட்டுகிறாள். உள்ளே அம்மா தனியாக இருக்கிறாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அடுத்த வாரம் வந்ததும் வராததுமாகக் கேட்டார்: "அந்தம்மா கதவைத் திறந்தாங்களா சிஸ்டர்?"

இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாயெல்லாம் பல்லாக மிச்சத்தைச் சொன்னாள். அம்மா தாழ்ப்பாளில் கை வைக்கிற இடத்தில் மறுபடியும் மணி.

மூன்றாம் தடவை பல்லுக்குக் கேப் என்கிற தொப்பி மாட்டும் நாள். அன்று பார்த்து முன்னறையில் கூட்டமான கூட்டம், மூச்சு விட நேரமில்லை. டாக்டர் கைராசிக்காரர். அவர் கை பட்ட பல்லுக்காக யாரும் திரும்பி வந்தது கிடையாது என்று அவளே எல்லோரிடமும் பெருமையடிப்பாள். அப்படியானால் இவரும் இனி வரப்போவதில்லை.

"அடுத்த வியாழக்கிழமை ஒருதரம் வந்து காட்டிட்டுப் போங்க சார்."

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வியாழக்கிழமை உள்ளே போன மெக்கானிக்கோடு டாக்டரும் வெளியே வந்தார்.

"பல்லு கல்லு மாதிரி இருக்கு. இவரை வரச் சொல்லி நான் சொன்னேனா சிஸ்டர்?"

"தப்பு நடந்துபோச்சு டாக்டர்."

காது மடல் வரை சுட்டது. "அரைநாள் லீவு போட்டுட்டு வந்தேன்" என்று முணுமுணுத்தபடி மெக்கானிக் வாசலுக்குப் போனார். அவளுக்கு உயிரே போய்விடும் போல இருந்தது. தலையை நிமிர்த்தவில்லை.

செருப்பை மாட்டினவர் என்ன நினைத்தாரோ, மேசைக்குத் திரும்பி வந்தார்.

"அது கிடக்கட்டும். அந்த முடிவு எனக்குப் பிடிக்கல சிஸ்டர்."

"எந்த முடிவு சார்?"

"தாழ்ப்பாள்ல கையை வெச்சதோட எழுதினவங்க விட்டுட்டாங்களே! நீங்க பாதியில நிறுத்தினா எனக்குத் தூக்கம் வருமா? அன்னைக்கே கடையில அந்தப் பத்திரிகையை வாங்கிட்டேன். அந்தம்மா திறந்திருக்கணும். பெத்த பொண்ணாச்சே!"

"திறந்துட்டா அப்புறம் அதுல என்ன சார் இருக்கு? அவங்க கை நடுங்குதே, அதுதானே கதை!"

"நல்லா சொன்னீங்க போங்க! மழையில நிக்கிறவளுக்குத்தான் தெரியும்."

"உள்ள நிக்கிறவங்களுக்கு மட்டும் வலிக்காதா?"

குரல் ஓங்கிவிட்டது. காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவள் யாரோடும் சண்டை போட்டதில்லை.

உள்ளே மணி அடித்தது.

"சரி சிஸ்டர், வேலை கிடக்கு. வர்றேன்" என்றார். வர்றேன் என்பது எல்லோரும் கிளம்பும்போது சொல்கிறதுதான். போய்விட்டார்.

அடுத்த டோக்கன் கன்னம் வீங்கிய ஒரு பெண்மணி. "டாக்டர் நல்லாப் பாப்பாரா சிஸ்டர்? மறுபடி வராதே?"

"வராதும்மா. கைராசிக்காரர். அவர் கை பட்ட பல்லுக்காக யாரும் திரும்பி வந்தது கிடையாது" என்றாள். எப்போதும் சொல்கிற பேச்சுதான். இன்றைக்கு அதைச் சொல்லிவிட்டு அவர் போன வாசலைப் பார்த்தாள்.