வெளிநாடு போய் வார்த்தை எண்ணியவன்

இணையத்தில் எழுதிச் சம்பாதிப்பதில் எழுதுவது சுலபம். அதுவும் ஒரு வேலைதான் என்று அடுத்த வீட்டுக்காரரை நம்ப வைப்பதுதான் கஷ்டம். உங்களில் யாராவது 2006, 2007 வாக்கில் இந்தத் தொழிலில் இறங்கி, "வீட்லயேதான் இருக்கீங்களா?" என்ற கேள்விக்கு அசட்டுச் சிரிப்பு சிரித்திருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே ஜாதி.

நான் சிதம்பரத்துக்காரன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டுடோரியலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் ஜாகீர் பாயின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இங்கிலாந்தில் ஹெலன் என்ற அம்மா நடத்திய சுற்றுலா இணையதளத்துக்குக் கட்டுரை எழுதி அனுப்புவேன். வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் எனக்கு இட்லியைக்கூட "ஆவி பறக்கும், மல்லிகைப்பூ போன்ற, மிருதுவான இட்லி" என்றுதான் சொல்ல வரும்.

கடல் எங்கே?

ஆரம்பத்தில் நான் எங்கேயும் போனதில்லை. ஹெலன் நாலு போட்டோ அனுப்புவார். அதைப் பார்த்து ஓட்டலை வர்ணித்து எழுத வேண்டும். தாய்லாந்தில் ஒரு ஓட்டல். போட்டோவில் பால்கனி, பால்கனிக்கு அந்தப் பக்கம் நீல நிறம். நான் தேவனாம்பட்டினம் கடற்கரையை மனசில் வைத்துக்கொண்டு, "காலையில் கண் விழித்ததும் பால்கனியிலிருந்தே அலைகளை எண்ணலாம்" என்று எழுதிவிட்டேன். ஜாகீர் பாய்கூடத் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "சார், எழுத்துலயே உப்புக் காத்து அடிக்குது" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஒரு மாதம் கழித்து ஹெலனிடமிருந்து கடிதம். போட்டோவில் இருந்தது வானமாம். திட்டு விழும், இத்தோடு சீட்டுக் கிழிந்தது என்று பயந்துகொண்டே படித்தேன். அவர் திட்டவில்லை. இனிமேல் போய்ப் பார்த்தவர்கள்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்திருப்பதாகவும், டிக்கெட் நான் எடுத்துக்கொண்டால் தங்க இடம் அவர் ஏற்பாடு செய்வதாகவும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "உங்கள் கட்டுரையை நம்பிப் போன ஒருவர் ஓட்டல் வரவேற்பறையில் கடல் எங்கே என்று கேட்டிருக்கிறார், அவர்கள் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் காட்டியிருக்கிறார்கள்."

என்ன தொழில்?

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். விசாரணைக்கு ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். டுடோரியல் வேலையை அப்போதுதான் விட்டிருந்தேன். தொழில் என்ற இடத்தில் "எழுத்தாளர்" என்று போட்டிருந்தேன். அதுதான் வினை.

"எந்தப் பத்திரிகைல சார்?"

"பத்திரிகை இல்லீங்க. இன்டர்நெட்ல."

"சொந்த இன்டர்நெட்டா?"

"இல்லீங்க. இங்கிலாந்துல ஒரு அம்மா."

"அவுங்கள நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அவுங்க உங்கள?"

"இல்லீங்க."

ஏட்டு பேனாவை மூடினார். என் மனைவி சுமதி காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. வீட்டில் ஒருவராவது ஒழுங்காக இருக்கிறாரே என்ற நிம்மதி. எதிர் வீட்டுக்காரரிடமும் விசாரித்தார். அவர் என் மேல் இருந்த பிரியத்தில், "ரொம்ப நல்ல பையன் சார், எந்த வேலைக்கும் போக மாட்டான்" என்று சாட்சி சொன்னார். ஏட்டு திரும்ப வந்து, என் எதிர்காலத்தை நினைத்து உண்மையிலேயே வருத்தப்பட்டவர் போலக் கேட்டார்: "கேஸும் ஏதும் இல்ல, வேலையும் ஏதும் இல்லன்னு எழுதிடவா சார்?"

நோய் கொடுத்த கஞ்சி

முதல் பயணம் பாங்காக். மூன்று வாரத்தில் பதினைந்து கட்டுரை தர வேண்டும். வெளிநாடு போய் எழுதுகிறவன் காலையில் ஊர் சுற்றி, மாலையில் இளநீரோடு உட்கார்ந்து தட்டுவான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நாள் சுற்றினால் இரண்டு நாள் அறைக்குள் அடைந்து கிடந்து எழுத வேண்டும் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

நான் தங்கிய விடுதியை நடத்தியவர் ஐம்பது வயசு அம்மா. அவர் பெயர் நோய். சத்தியமாக அதுதான் பெயர். அவர்கள் பாஷையில் சின்னவள் என்று அர்த்தமாம். நான் அறையை விட்டு வெளியே வராததைப் பார்த்து, இந்தப் பையனுக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று அவராகவே முடிவு செய்து, வேளா வேளைக்கு அரிசிக் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

அன்றைக்குச் சுமதி போன் செய்தாள். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்றாள். "ஒண்ணும் கவலப்படாத. காலைல நோய் வந்துச்சி, கஞ்சி குடிச்சேன். மத்தியானமும் நோய் வந்துச்சி. நோய் இருக்கற வரைக்கும் எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்று உற்சாகமாகச் சொன்னேன். அதோடு விடாமல், போகும்போது நோய்க்கு ஒரு புடவை வாங்கித் தரணும் என்று வேறு சொல்லிவைத்தேன். சுமதி பதறிப்போய்க் கத்தினாள்: "என்னாங்க, காய்ச்சல் தலைக்கு ஏறிடுச்சா? பக்கத்துல யாராவது இருந்தா போன அவுங்ககிட்ட குடுங்க!"

முடியும் மின்சாரமும்

அடுத்த வருஷம் கம்போடியா. கோயில்களைப் பார்க்க உலகமே வந்து இறங்கும் ஊரில், நான் இருந்த தெருவில் மட்டும் பகலில் கரண்டு போய்விடும். அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? கடலூர் மாவட்டத்தில் வளர்ந்தவன். ஆனால் லேப்டாப்புக்கு அந்தப் பயிற்சி இல்லை. தெருமுனையில் ஒரு சலூன்காரர் கார் பாட்டரி வைத்துக் கடை நடத்திக்கொண்டிருந்தார். சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்று சைகையில் கேட்டேன். நாற்காலியைக் காட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தால் வாடிக்கையாளர். வாடிக்கையாளருக்குப் பாட்டரி இலவசம். முதல் நாள் முடி வெட்டிக்கொண்டேன். இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம் வெட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் ஆயிரம் வார்த்தைக் கட்டுரை பாக்கி இருந்தது.

ஊர் திரும்பியதும் கடலூர் போய் ஜாகீர் பாயைப் பார்த்தேன். கம்போடியா, கட்டுரை, பாட்டரி என்று நான் பேச வாயெடுப்பதற்குள் அவர் என் தலையைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டிவிட்டார்: "என்னா சார், சொல்லாமக்கூட திருப்பதி போயிட்டு வந்துட்டீங்க, லட்டு எங்க?"

சொந்த ஊர் எழுநூறு வார்த்தை

அதே கம்போடியாவில் இருந்தபோதுதான் ஹெலனுக்குத் திடீரென்று ஞானோதயம். "நீங்கள் சிதம்பரம்தானே? அந்தக் கோயிலைப் பற்றி எழுநூறு வார்த்தை, நாளைக்குள்." அல்வா மாதிரி வேலை என்று ஒரு ஓட்டலில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். மூன்று வரி வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

நடராஜர் கோயிலுக்கு ஆயிரம் தடவையாவது போயிருப்பேன். பாதிக்கு மேல், கீழ வீதியிலிருந்து மேல வீதிக்குக் குறுக்கு வழியாக! மத்தியானம் எத்தனை மணிக்கு நடை சாத்துகிறார்கள், கோபுரத்துக்குள் நாட்டியச் சிற்பங்கள் எந்த உயரத்தில் ஆரம்பிக்கின்றன, எந்த நேரத்து வெயிலில் பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று ஹெலன் கேட்ட எதற்கும் என்னிடம் பதில் இல்லை. சுமதிக்குப் போன் போட்டேன். அவள் வகுப்பில் இருந்தாள், எடுக்கவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, அடுத்த மேஜையில் தோசை மாதிரி எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெர்மன்காரப் பெண்மணி என்ன விஷயம் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனிப் பக்கம். சிலைகளைப் பென்சிலில் வரைந்தே வைத்திருந்தார். போன வருஷம் போயிருந்தாராம்.

அந்த நோட்டைப் பார்த்து என் ஊரைப் பற்றி நான் எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது. நன்றி சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "நீங்கள் சிதம்பரத்தில் எத்தனை நாள் தங்கினீர்கள்?" என்று கேட்டார். "முப்பத்தி நாலு வருஷம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வெகு அக்கறையாகச் சொன்னார்: "அப்படியானால் அடுத்த முறை ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்."

அமைதியான பத்துக் கடற்கரைகள்

2011 டிசம்பர் கடைசியில் நான் வியட்நாமில் இருந்தேன். "உலகின் அமைதியான பத்துக் கடற்கரைகள்" என்று கட்டுரை. மூன்றாவது கடற்கரையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது செய்தியைப் பார்த்தேன்: கடலூரில் புயல். சுமதி அரையாண்டு விடுமுறைக்குக் குறிஞ்சிப்பாடியில் அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். ஓட்டு வீடு. சுற்றிலும் மரங்கள். போன் செய்தேன். மணி அடிக்கவே இல்லை. மச்சான் குமாருக்கு, மாமனாருக்கு, எதிர் வீட்டுக்கு, ஜாகீர் பாய்க்கு என்று யாருக்குப் போட்டாலும் அதே அமைதி. இரண்டு நாள். சாப்பிட்டேனா தூங்கினேனா என்று நினைவில்லை. ஹெலனுக்கு மட்டும் இரண்டு வரி எழுதினேன். உடனே பதில் வந்தது: கட்டுரை கிடக்கட்டும், மனைவியின் குரலைக் கேட்கிற வரை எனக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

மூன்றாம் நாள் காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. குமார். சாலையெல்லாம் மரம் விழுந்து கிடக்க, பைக்கைத் தள்ளியும் தூக்கியும் நெய்வேலி வரை போய் ஒரு பூத்தைப் பிடித்திருக்கிறான். "மாமா, எல்லாரும் நல்லா இருக்கோம். ஓடுதான் பறந்துடுச்சி. அக்காவுக்கு ஒண்ணும் இல்ல. முந்திரித் தோப்பு மொத்தமா படுத்துடுச்சி, அதான் அப்பா பேசவே மாட்றாரு" என்றான். அழுதேன். அவன், "மாமா, அக்கா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. இங்க கரண்டு இல்ல, நெட்டு இல்ல, நீங்க வந்து என்னா பண்ணப் போறீங்க, வேலைய முடிச்சிட்டே வரச் சொன்னாங்க" என்றான். அழுதுகொண்டே சிரித்தேன். அடுத்த விமானத்தில் கிளம்பிவிட்டேன்.

குறிஞ்சிப்பாடியில் இறங்கினால் எனக்கு ஊரே அடையாளம் தெரியவில்லை. மாமனார் தோப்பின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்ள" என்று ஓர் அரிவாளை நீட்டினார். நானும் குமாரும் பத்து நாள் கிளை கழித்தோம். கையெல்லாம் கொப்புளம். சுமதி எண்ணெய் தடவிவிட்டு, கீபோர்டுக்கு இது தேவலையா என்று கேட்டாள். ஒரு நாள் மத்தியானம், விழுந்து கிடந்த முந்திரி மரத்தின் மேல் உட்கார்ந்து, அவளுடைய பள்ளிக்கூட நோட்டில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். மாமனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மரமும் எந்த வருஷம் நட்டது என்று சொல்ல ஆரம்பித்தார். புயலுக்குப் பிறகு அவர் முதல் முறையாக அவ்வளவு பேசினார். அதையும் எழுதிக்கொண்டேன். ஜெனரேட்டர் ஓடிய ஒரு கடையைத் தேடிப் பிடித்து, டைப் அடித்து ஹெலனுக்கு அனுப்பினேன். அவர் ஒரு வரியும் வெட்டாமல் போட்டார். கூடவே எழுதியிருந்தார்: "ஆறு வருடத்தில் 'அழகிய' என்ற சொல் இல்லாமல் நீங்கள் அனுப்பிய முதல் கட்டுரை இது, இதில்தான் ஓர் ஊர் என் கண்ணுக்குத் தெரிந்தது."

உலகம் சுற்றி எழுதியவன் என்று இப்போது சொந்தக்காரர்கள் என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்துகிறார்கள், ஆனால் உள்ளதைச் சொன்னால் எந்த நாட்டுக்குப் போனாலும் நான் முதலில் தேடிப் பார்த்தது சுவரில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்பதைத்தான்.