வீங்கிய வயிறும் இனிப்பு மாத்திரையும்

வயிறு உப்பிக்கொண்டு நின்றது. ஏப்பமும் வரவில்லை, கீழேயும் பிரியவில்லை. கொஞ்சம் கஞ்சி குடித்தாலே பாவாடை நாடா இறுக்கியது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் எங்களுக்கு வாயு ஒன்றும் புதிதில்லை. லைனை விட்டு எழுந்து போக முடியாமல் எல்லாவற்றையும் அடக்கி அடக்கி வந்த வினை என்றுதான் நினைத்தேன். பக்கத்து மேஜைக்காரி, "இன்னாக்கா, இந்த வயசுல இன்னொன்னா?" என்று கண்ணடித்தாள். சிரித்தேன். என் அம்மாவுக்கும் இப்படித்தான் வயிறு உப்ப ஆரம்பித்தது, அதற்கப்புறம் அவள் எட்டு மாதம்கூட இருக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

பஜாரில் இருந்த ஹோமியோபதி டாக்டர் லைக்கோபோடியம் கொடுத்தார். "பாசி மாதிரி ஒரு செடிம்மா, அதோட தூள்லருந்து பண்றது. கையால தொடாதீங்க, மூடியில கொட்டி வாயில போடுங்க. காபி வேணாம். நெடி அடிக்கிறது எதுவும் கிட்ட இருக்கக் கூடாது. பதினைஞ்சு நாள்ல கொறையலன்னா ஸ்கேன் எடுத்துரணும்."

கடைசியில் சொன்னது என் காதில் ஏறவேயில்லை. நெடி என்பதைத்தான் பிடித்துக்கொண்டேன். நான் உட்காருவது சொல்யூஷன் மேஜையில். தோலை ஒட்டும் அந்தப் பசையின் நெடி என் தலைமுடியிலேயே ஊறியிருக்கிறது. அப்புறம் மருந்து எப்படிப் பிடிக்கும்? பதினைந்து நாள் கழித்தும் வயிறு இறங்காதபோது, பழியைத் தூக்கிச் சொல்யூஷன் மேல் போட்டேன். அப்பாடா என்றிருந்தது. பாதி குறைந்துவிட்டது என்று டாக்டரிடம் புளுகி இன்னொரு பாட்டில் வாங்கினேன். சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி பேக்கிங்குக்கு மாறினேன். அங்கே அட்டைப்பெட்டியும் மெல்லிய தாளும்தான், மூக்கை எங்கே வைத்தாலும் ஒரு நெடி கிடையாது.

மூன்று வாரம் போனது. முகம் ஒட்டிப்போனது, வயிறு மட்டும் ஏறியது. பழி போட இனி எதுவுமில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பயம் என்றால் அப்படியொரு பயம். பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். வயிற்றை அழுத்திப் பார்த்தவர் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பவேயில்லை. "இன்னைக்கு மாத்திரை கிடையாதும்மா. இப்பவே ஸ்கேனுக்குப் போங்க."

"ஒரே ஒரு பாட்டில் குடுங்க சார், இந்தத் தடவை ஒழுங்கா சாப்புடுறேன்" என்று அழுதேன். வெட்கம் மானம் எதுவும் பார்க்கவில்லை. அவர் சீட்டை எழுதி நீட்டினார்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா முதலில் நர்ஸோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். கருவி என் வயிற்றில் ஓரிடத்தில் நின்றது. திரும்பவும் அங்கேயே அழுத்தினார். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு ஜெல்லைத் தானே துடைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"உங்க கூட யாராச்சும் வந்திருக்காங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.